மூளையை மாற்றினால் மடிக்கணினி இளமையாகுமா?

திரையில் அந்த அறிவிப்பு முதல் முறை வந்தபோது மூடிவிட்டேன். இரண்டாம் முறை வந்தபோதும் மூடிவிட்டேன். மூன்றாம் முறைதான் படித்துப் பார்த்தேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு முடிகிறது என்றது அது. சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம் என்று சோதித்தால், இந்தக் கணினியில் உள்ள நுண்செயலி அதற்குத் தகுதி பெறவில்லை என்று பதில் வந்தது.

2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்கா பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய மடிக்கணினி அது. அக்கா படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டார். கணினி எனக்கு வந்தது. இப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவன். பாடத்துக்காகக் காணொளிகளைத் தொகுக்க வேண்டியிருக்கிறது. கணினியைத் திறந்துவிட்டுத் தேநீர் போடப் போனால், தேநீரோடு திரும்பி வரும்போதும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

“புதுசா ஒண்ணு வாங்கிடலாமாய்யா?” என்று அம்மா கேட்டார். கடைகளில் விலையைப் பார்த்தேன். பாடத்துக்குத் தேவையான தரத்தில் ஒன்று வாங்க 1,300 வெள்ளியாவது வேண்டும். அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். தங்கைக்கும் அடுத்த ஆண்டு செலவுகள் இருக்கின்றன. “இருக்கட்டும்மா, மூளையை மட்டும் மாத்திப் பாக்குறேன்” என்றேன். அப்படிச் சொன்னபோது அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது.

சொல் குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கைத்தொலைபேசியில் நாம் பதிவிறக்கும் ‘செயலி’ வேறு, கணினியின் உள்ளே எல்லாக் கணக்குகளையும் போடும் ‘நுண்செயலி’ வேறு. கடைகளில் ‘பிராசசர்’ அல்லது ‘சிபியு’ என்று கேட்டால் எடுத்துத் தருவது இந்த இரண்டாவதைத்தான்.

கடைக்காரர் காட்டிய சில்லு

ஒரு சனிக்கிழமை மாலை, தேக்காவில் அம்மாவுக்கு மளிகைச் சாமான்களை வாங்கிக்கொண்டு, கணினிப் பையோடு சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தேன். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான். எதிர்ப்பக்கம் மின்னணு உதிரிபாகங்களுக்குப் பெயர்போன சிம் லிம் டவர். சற்றுத் தள்ளி, பழைய பொருள்கள் கைமாறிய சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதிவரை இருந்தது. பழுதான வானொலியையும் பழைய கைத்தொலைபேசியையும் அங்கே வாங்கிச் சரிசெய்த கதைகளை அப்பா இன்றும் சொல்வார். பழையதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

சிறிய பழுதுபார்ப்புக் கடை ஒன்றில் இருந்த அங்கிள் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு கணினியைத் திருப்பிப் போட்டு, பத்துப் பன்னிரண்டு திருகாணிகளைக் கழற்றி, கீழ் மூடியை எடுத்தார். செம்புக் குழாய்க்கு அடியில் விரல்நகம்போல் பளபளத்த சில்லைக் காட்டினார். “இதுதான் நீ மாற்ற நினைப்பது. இதற்குக் கால்கள் இல்லை. பலகையோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதில் இருந்தது இன்டெல் ஐ5-7200யு. அதன் அடிப்புறத்தில் 1,356 மிகச் சிறிய ஈயக் குண்டுமணிகள் இருக்கும். ஈயம் என்பது பழக்கப் பெயர்தான். இப்போது பெரும்பாலும் வெள்ளீயக் கலவையே பயன்படுத்தப்படுகிறது. அது உருக ஏறத்தாழ 217 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அந்தச் சூட்டில் சில்லை எடுத்து, புதிய சில்லின் ஒவ்வொரு குண்டுமணியும் தன் இடத்தில் சரியாக உட்காரும்படி மீண்டும் பதிக்க வேண்டும். அதற்கென்று தனி இயந்திரம் உண்டு. செலவழித்து அதைச் செய்தாலும், தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் மென்பொருள் புதிய சில்லை அடையாளம் கண்டுகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

“அந்தக் காசுக்கு வேறு கணினியே வாங்கலாம்” என்று சொல்லி மூடியைத் திரும்பப் பொருத்தினார். என்னிடம் காசு வாங்கவில்லை.

ஏன் ஒட்டிவிட்டார்கள்?

மேசைக் கணினியில் இன்றும் நுண்செயலியைக் கழற்றி மாற்றலாம். மடிக்கணினியிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்டெல் நுண்செயலிகளில் கோர் 2 டுவோ காலத்திலிருந்து நான்காம் தலைமுறைவரை, பல மாதிரிகளில் ‘சாக்கெட்’ எனப்படும் பொருத்துத்தளம் இருந்தது. நுண்செயலியின் அடியில் நூற்றுக்கணக்கான ஊசிகள். அவற்றை அதே எண்ணிக்கையிலான துளைகளில் இறக்கிவிட்டுப் பூட்டினால் வேலை முடிந்தது.

2011ஆம் ஆண்டு வாக்கில் மெல்லிய ‘அல்ட்ராபுக்’ வகை மடிக்கணினிகளை இன்டெல் முன்னிறுத்தத் தொடங்கியது. பொருத்துத்தளம் இருந்தால் சில மில்லிமீட்டர் உயரம் கூடும். மெல்லிய கணினியில் அந்தச் சில மில்லிமீட்டர் பெரிய இடம். பற்றவைத்தால் தயாரிப்பும் எளிது. அதோடு, முன்பு தாய்ப்பலகையில் தனியாக இருந்த பல சுற்றுகள் நுண்செயலியின் தொகுப்புக்குள்ளேயே வந்துவிட்டன. ஐந்தாம் தலைமுறையிலிருந்து மடிக்கணினிக்கான இன்டெல் நுண்செயலிகள் பலகையில் பற்றவைக்கப்பட்டே வருகின்றன. இன்றைய ஏஎம்டி ரைசன் மடிக்கணினிகளிலும் அதே நிலைதான்.

உங்கள் கணினி எந்த வகை என்பதைப் பெயரின் கடைசி எழுத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். நான்காம் தலைமுறை இன்டெல்லில் ‘எம்’, ‘எம்கியூ’, ‘எம்எக்ஸ்’ என்று முடிந்தால் கழற்றக்கூடியது. ‘யு’, ‘ஒய்’, ‘எச்கியூ’ என்று முடிந்தால் பற்றவைத்தது. மூன்றாம் தலைமுறையில் பெயரை மட்டும் நம்ப முடியாது. ஐ5-3320எம் என்ற ஒரே பெயருள்ள நுண்செயலி, திங்க்பேட் டி430 மாதிரியில் பொருத்துத்தளத்தில் உட்கார்ந்திருக்கும், அதன் தம்பி எக்ஸ்230 மாதிரியில் பலகையோடு ஒட்டியிருக்கும். அதனால் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகே சில்லு வாங்க வேண்டும். திங்க்பேட் மாதிரிகளுக்கு அந்தக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

மாமாவின் அலமாரியில்

சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்த என்னிடம், “ஆபீஸ்ல குடுத்த பழைய லேப்டாப் ஒண்ணு என் அலமாரில தூங்குது, வேணும்னா எடுத்துக்கப்பா” என்றார் மாமா. தடிமனான, கருநிற, 2014ஆம் ஆண்டுக் கணினி. மூடிக்குப் பின்னால் பார்த்தால் ஐ5-4300எம். கடைசி எழுத்து ‘எம்’! கையேட்டைப் பதிவிறக்கிப் பார்த்தேன். பொருத்துத்தளம்தான்.

இப்போதுதான் உண்மையான வீட்டுப்பாடம் தொடங்கியது. எந்தச் சில்லையும் எந்தத் தளத்திலும் போட முடியாது. மூன்று கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்.

முதலாவது, தளமும் தலைமுறையும் பொருந்துகின்றனவா? நான்காம் தலைமுறைத் தளத்தில் மூன்றாம் தலைமுறைச் சில்லு உட்காராது. இரண்டாவது, பயாஸ் அதை ஏற்குமா? அதே மாதிரிக் கணினியைத் தயாரிப்பாளரே எந்தெந்த நுண்செயலிகளோடு விற்றார் என்ற பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் நம்பலாம். மூன்றாவது, வெப்பம். ஒவ்வொரு நுண்செயலியும் எத்தனை வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டிவரும் என்று ஓர் எண் குறிப்பிடப்பட்டிருக்கும். ஐ5-4300எம் சில்லுக்கு அது 37 வாட். ஐ7-4700எம்கியூ என்றால் 47 வாட். பழைய விசிறியும் செம்புக் குழாயும் அந்தக் கூடுதல் சூட்டைத் தாங்காமல் போகலாம். அதே 37 வாட்டில் ஐ7-4712எம்கியூ என்று ஒன்று இருக்கிறது. முன்னதில் 2 உட்கருக்கள், இதில் 4. நான் தேடியது இதைத்தான்.

பழைய உதிரிபாகங்கள் விற்பவர் ஒருவரிடம் 55 வெள்ளிக்குக் கிடைத்தது. அதோடு வெப்பத்தைக் கடத்தும் ‘தெர்மல் பேஸ்ட்’ ஒரு குழாய், துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால். மொத்தம் 70 வெள்ளிக்குள் முடிந்தது.

அரைச் சுற்றுத் திருகாணி

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையை அம்மா எனக்கு விட்டுக்கொடுத்தார். மின்கலத்தைக் கழற்றி வைத்தேன். கையில் உள்ள நிலைமின்னூட்டம் சில்லைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக உலோகக் குழாயைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். திருகாணிகள் ஒவ்வொன்றும் நீளத்தில் சற்று மாறுபடும். ஒரு காகிதத்தில் கணினியின் படம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் ஒட்டும் நாடாவால் ஒட்டிவைத்தேன். பிற்பாடு எனக்குப் பெரிதும் உதவியது அந்தக் காகிதம்தான்.

விசிறியைத் தூக்கியதும் அடியில் ஒரு சாம்பல் நிறப் போர்வை. பதினொரு ஆண்டுத் தூசு. சூடு வெளியேறும் துளைகள் பாதி அடைத்திருந்தன. பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்த மண்போல் உதிர்ந்தது. நுண்செயலி அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் மடிக்கணினிச் சில்லுகளில் பலவற்றுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அப்படியென்றால் வெறுமனே தூசு தட்டிப் பசையை மாற்றினாலே பல பழைய கணினிகள் இழந்த வேகத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெறும்.

தளத்தின் ஓரத்தில் ஒரே ஒரு திருகாணி. தட்டைத் திருப்புளியால் அரைச் சுற்றுத் திருப்பினால் பூட்டு திறக்கிறது. பழைய சில்லு தானாகக் கையோடு வந்தது. புதியதை இறக்கும்போது கையில் நடுக்கம். 900க்கும் மேற்பட்ட ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் போச்சு. மூலையில் உள்ள முக்கோணக் குறியைத் தளத்தின் குறியோடு பொருத்தி வைத்தால் தன் எடையிலேயே அது உட்கார்ந்துவிடுகிறது. அழுத்தவே கூடாது. மறுபடியும் அரைச் சுற்று, பூட்டியாயிற்று. பட்டாணி அளவைவிடச் சிறிதாகப் பசையை வைத்து, செம்புக் குழாயை மேலே பொருத்தினேன்.

மின்விசையை அழுத்தியதும் விசிறிக் கோளாறு என்ற எச்சரிக்கை. கணினி தானாக அணைந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. மறுபடி திறந்து பார்த்தால், விசிறியின் கம்பியைப் பலகையில் செருகவே மறந்திருக்கிறேன். செருகினேன். இம்முறை எழுந்தது. பயாஸ் திரையில் புதிய பெயர் தெரிந்தது.

என் பாடத்துக்காக எடுத்திருந்த ஒரு காணொளியை இரண்டு சில்லுகளிலும் ஏற்றுமதி செய்து பார்த்திருந்தேன். பழையதில் 38 நிமிடங்கள் ஆயின. புதியதில் 21 நிமிடங்கள். வேலை பலித்தது.

ஆனால், மாமாவின் கணினியைத் திறக்க ஆகும் நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. இணையப் பக்கங்கள் முன்புபோலவே தயங்கித் தயங்கித்தான் வந்தன. சில்லை மாற்றியும் இது ஏன் மாறவில்லை?

தாமதம் எங்கே இருக்கிறது?

தேக்கா உணவங்காடியில் ஒரு பரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரின் கை மின்னல் வேகம். அவர் முன்னால் உள்ள மேசைதான் அன்றாட வேலைக்கான ‘ராம்’ நினைவகம். மாவும் முட்டையும் இருக்கும் கிடங்குதான் ‘ஹார்ட் டிஸ்க்’ எனும் வன்தட்டு. மேசை சிறியது, கிடங்கு அடுத்த தெருவில் என்றால், இன்னும் வேகமான மாஸ்டரைக் கொண்டுவந்து என்ன பயன்? அவரும் மாவுக்காகக் காத்துக்கொண்டுதான் நிற்பார்.

கணினிக்குள்ளும் இதுவே நடக்கிறது. பழைய மடிக்கணினிகளில் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஒரு தகடு. வேண்டிய தகவல் இருக்கும் இடத்துக்கு அதன் ஊசி நகர்ந்துபோய்ப் படிக்க வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் 10 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். சுழலும் பாகமே இல்லாத ‘எஸ்எஸ்டி’ சேமிப்பகத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லிவினாடி போதும். தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் தகட்டில் வினாடிக்கு 100 மெகாபைட் அளவு என்றால், அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் எஸ்எஸ்டியில் 500க்கும் மேல்.

உங்கள் கணினியில் தாமதம் எங்கே என்பதை அறியக் கடைக்குப் போக வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். கணினி திணறும் நேரத்தில் நுண்செயலி, நினைவகம், வட்டு என மூன்றின் விழுக்காட்டையும் பாருங்கள். அக்காவின் 2017 கணினியில் நான் பார்த்தபோது நுண்செயலி 15 விழுக்காடு, நினைவகம் 91, வட்டு 100. நான் குற்றம் சாட்டிய மூளை சும்மாதான் உட்கார்ந்திருந்தது.

நினைவகம் 4 ஜிகாபைட்தான். அதற்கான துளை கழற்றி மாட்டும் வகை. 8 ஜிகாபைட் ராம் ஒன்றும், 500 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 130 வெள்ளிக்குள். ராம் விலை ஏறியிறங்குவதால் வாங்கும் நாளில் இரண்டு மூன்று கடைகளில் விசாரிப்பது நல்லது. மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. முன்பு இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்ட கணினி இப்போது 20 நொடிக்குள் தயாராகிவிடுகிறது. நுண்செயலி அதே ஐ5-7200யுதான்.

மாமாவின் கணினிக்கும் பிறகு ஓர் எஸ்எஸ்டி போட்டேன். அதன் பிறகுதான் நான்கு உட்கருக்களின் பலன் முழுமையாகத் தெரிந்தது. வரிசையை முதலிலேயே மாற்றிச் செய்திருந்தால், அந்த 55 வெள்ளிச் சில்லு தேவையா என்று இரண்டு முறை யோசித்திருப்பேன்.

சில மாத இடைவெளி

அறிவிப்பு எழுப்பிய கேள்வி இன்னும் மிச்சமிருந்தது. விண்டோஸ் 11 கேட்பது வேகத்தை மட்டும் அல்ல. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய நுண்செயலியும் வேண்டும். மடிக்கணினிகளுக்கான எட்டாம் தலைமுறையை இன்டெல் அறிமுகப்படுத்தியது 2017 ஆகஸ்ட்டில். அக்கா கணினி வாங்கியது அதற்குச் சில மாதங்களுக்கு முன். மாமாவின் கணினியிலோ, தளம் ஏற்கும் ஆகச் சிறந்த சில்லைப் போட்டாலும் அது நான்காம் தலைமுறைதான். நுண்செயலியை மாற்றி இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது.

எனவே வழிகள் மூன்று. தனிநபர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13வரை அவகாசம் கிடைக்கும். அக்காவின் கணினியில் இதைச் செய்திருக்கிறேன். இரண்டாவது, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது. மாமாவின் கணினியில் அதைப் போட்டேன். இணையம், கட்டுரை, படவில்லை, காணொளித் தொகுப்பு எல்லாம் நடக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் அதிலேயே உண்டு. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் 97 மாநாட்டையும் 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையும் ஒட்டி வளர்ந்த முயற்சியின் பலனை, இன்று ஒரு பழைய கணினியிலும் காசில்லாமல் அனுபவிக்க முடிகிறது. ஆனால் உங்கள் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் வேண்டுமென்றால் லினக்ஸ் கைகொடுக்காது. மாறுவதற்கு முன் விரிவுரையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வழி, புதிய கணினி. அவகாசம் கிடைத்ததால் எங்கள் வீட்டில் அதற்கு மாதாமாதம் கொஞ்சம் சேர்க்க முடிகிறது.

வீசினால் எங்கே போகும்?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. ஒவ்வொருவரும் சுமார் 70 கைத்தொலைபேசிகளை வீசுவதற்கு அது ஈடாகும் என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். 2021 ஜூலை 1 முதல், பழைய மின்னணுப் பொருள்களைத் திரும்பப் பெற்று மறுபயனீடு செய்யும் பொறுப்பில் தயாரிப்பாளர்களுக்கும் சட்டப்படி பங்கு உண்டு. கடைத்தொகுதிகளில் நாம் பார்க்கும் மின்கழிவுத் தொட்டிகள் இந்த ஏற்பாட்டைச் சேர்ந்தவை.

மறுபயனீடு நல்லது. ஆனால் ஒரு மடிக்கணினியால் சுற்றுச்சூழலுக்கு நேரும் பாதிப்பில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும் கட்டத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் இருக்கும் கணினியை இன்னும் இரண்டு ஆண்டு ஓடவைப்பது, அதை உடைத்து உலோகம் எடுப்பதைவிட மேல். இதை உணர்ந்து சில நிறுவனங்கள் மாற்று வழி தேடுகின்றன. 2021இல் வந்த ஃபிரேம்வொர்க் மடிக்கணினியில் நுண்செயலி பற்றவைத்ததுதான். ஆனால் தாய்ப்பலகையை முழுவதுமாகக் கழற்றி, அதே உடலில் அடுத்த தலைமுறைப் பலகையைப் பொருத்தலாம். திரை, விசைப்பலகை, மின்கலம் எல்லாம் பழையனவே.

நம் ஊரிலும் கைகொடுப்போர் இருக்கிறார்கள். 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் முயற்சியில், பழுதான பொருளோடு போனால் தொண்டூழியர்கள் நம்மோடு உட்கார்ந்து, அதைச் சரிசெய்யக் கற்றுத் தருகிறார்கள். 2020 ஏப்ரலில் மாணவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்தபடி கற்க நேர்ந்தபோது, கணினி இல்லாத பிள்ளைகள் பலர் திண்டாடினர். எஞ்ஜினியரிங் குட் அமைப்பின் தொண்டூழியர்கள் அப்போது நன்கொடையாக வந்த பழைய மடிக்கணினிகளைப் புதுப்பித்து, வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்தனர். யாரோ ஒருவரின் அலமாரியில் தூங்கிய கணினி இன்னொரு பிள்ளையின் வகுப்பறையானது. 2021ஆம் ஆண்டுக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற இலக்கைக் கல்வி அமைச்சு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான்.

உயர்நிலைப் பள்ளித் தம்பி, தங்கைகளுக்கு இங்கே ஒரு முக்கியமான சொல். பள்ளி வழி வாங்கிய சாதனத்தைத் தயவுசெய்து திறக்காதீர்கள். அதற்கு உத்தரவாதம் உண்டு, பள்ளி நிறுவிய மேலாண்மை மென்பொருளும் உண்டு. கைவைத்துப் பழக விரும்பினால், வீட்டில் ஓய்வுபெற்ற கணினி ஒன்றைப் பெரியவர்களின் அனுமதியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்புளியை எடுக்கும் முன்

• முதலில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். எது 100 விழுக்காட்டைத் தொடுகிறதோ அதற்குத்தான் காசு செலவிட வேண்டும்.

• கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். ஒப்படைப்பு வாரத்தில் கணினியைத் திறக்க வேண்டாம்.

• தூசும் பசையும் முதலில், சேமிப்பகமும் நினைவகமும் அடுத்து, நுண்செயலி கடைசியில். மெல்லிய கணினிகளில் ராமும் பற்றவைக்கப்பட்டிருக்கலாம்.

• மின்கலம் உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். குப்பைத் தொட்டியிலோ நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியிலோ மின்கலத்தைப் போடாதீர்கள்.

• கடையில் விலையை முதலிலேயே கேட்டு, ரசீது வாங்குங்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் கடைக்காரரிடம் முறையிடலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால் அதன் வயதும் விலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

• கணினியைப் பிறருக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் தகவல்களை முழுமையாக அழித்துவிடுங்கள்.

200 வெள்ளியில் இரண்டு கணினிகள்

சில்லு, பசை, ராம், எஸ்எஸ்டி என அதுவரை எனக்கு ஆன செலவு 200 வெள்ளி. மாமாவின் கணினிக்குப் போட்ட எஸ்எஸ்டியை அவரே வாங்கிக் கொடுத்தார். 1,300 வெள்ளிச் செலவு தள்ளிப்போயிருக்கிறது, நீங்கிவிடவில்லை. அதை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். “தள்ளிப்போனதே போதும்யா” என்றார்.

அக்காவின் கணினியில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மாமாவின் கணினி இப்போது தங்கையின் மேசையில் இருக்கிறது. கனமாக இருக்கிறது, பையில் தூக்க முடியவில்லை என்று தினமும் குறை சொல்கிறாள். பழைய ஐ5 சில்லை நான் வீசவில்லை. என் மேசை இழுப்பறையில், ஊசிகள் வளையாதபடி ஒரு சிறிய பஞ்சில் குத்தி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த தங்கை நேற்று கேட்டாள், “இத எப்படிக் கழட்டுன? எனக்கும் காட்டித் தருவியா?” என்று. வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையை மறுபடியும் அம்மாவிடம் கேட்டிருக்கிறோம்.